இலை எடுத்தது யார்?

ராயபுரம்,
9-7-1950, ஞாயிற்றுக்கிழமை.

என்றும் மரியாதைக்குரிய வெள்ளத்துரை அண்ணன் அவர்களுக்கும் அன்புள்ள மதினிக்கும், தங்கை தங்கபுஷ்பம் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். கருப்பட்டிக் கிடங்கும் அதிலுள்ள எறும்புகளும்கூடச் சுகம். அங்கே கொழும்பில் தங்கள் கடையும் மதினியின் முழங்காலும் எப்படியிருக்கின்றன என்று எழுத வேண்டுகிறேன்.

தங்களுடைய ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. "நாற்பத்து நான்கு வயதில் நீ அமெரிக்காவுக்குப் படிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இல்லையென்றால் இல்லையென்று எழுது. உண்மையென்றாலும் இல்லையென்றே எழுது" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அண்ணா. நான் போகவில்லை. தாங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். ஆனால் பயணம் எப்படி நின்றது என்பதை என் கையாலேயே எழுதிவிடுவது நல்லது. நம் ஊர் நாசரேத்துச் சொந்தக்காரர்கள் இதற்குள் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நின்றதற்குக் காரணம் காய்ச்சல் இல்லை, கப்பல் இல்லை, தங்கள் கடிதமும் இல்லை. ஒரு கரண்டிப் பாயசம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கோபப்படாமல் கேளுங்கள். கல்லூரியில் எனக்குச் சரித்திரம் நடத்திய மிஸ் ஃப்ளோராவைத் தங்களுக்கு நினைவிருக்கும். நம் வீட்டுக்கு வந்தபோது கருப்பட்டிக் காப்பியை மருந்து என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார்களே, அவர்கள்தான். அமெரிக்கா குடியரசான புதிதில் முதல் நாற்பது ஐம்பது வருஷம் நடந்ததை அவர்கள் சொன்னால் மணி அடித்ததுகூடக் காதில் விழாது. ராஜாவை அனுப்பிவிட்ட ஜனங்கள், இனி யார் முன்னால் யார் எழுந்து நிற்பது, யார் யாருக்குத் தலைவணங்குவது, எந்த நாற்காலியில் எவர் உட்காருவது என்று தெரியாமல் திண்டாடிய காலம் அது. யுத்தங்களெல்லாம் எனக்கு மறந்துவிட்டன. அந்தத் திண்டாட்டம் மட்டும் மறக்கவில்லை. 1928இல் நான் பி.ஏ. முடித்ததும், அதையே மேற்கொண்டு படிக்க மாசசூசெட்ஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தார்கள். அப்போது தூத்துக்குடியிலிருந்து தாங்கள் ஒரு தந்தி அடித்தீர்கள். இரண்டே சொல். "உடனே வா." அம்மாவுக்கு என்னவோ என்று ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் எனக்குக் கல்யாணம். இதைப் பற்றி நான் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, தேதிக்காகத்தான் எழுதினேன். தாங்கள் பார்த்துக் கட்டிவைத்த இவரும் தங்கமான மனிதர். ஆசீர்வாதம் கருப்பட்டிக் கிடங்கு என்றால் தண்டையார்பேட்டை வரை தெரியும். கல்யாணம் முடிந்த அந்த வருஷமே தாங்கள் கொழும்புக்குப் போய்விட்டீர்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கிறிஸ்துமஸ் தவறாமல் கடிதம் வருகிறது, ஒரு பெட்டித் தேயிலை வருகிறது. தாங்கள்தான் வரவில்லை.

போன நவம்பரில் மிஸ் ஃப்ளோராவிடமிருந்து கடிதம் வந்தது. "நான் இன்னும் சாகவில்லை, நீயும் அப்படியே என்று நம்புகிறேன். ஆசிரியைகளுக்கு ஒரு வருஷப் படிப்பு, செலவு கல்லூரியுடையது, செப்டம்பரில் வந்து சேர்" என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளையில்லை. பள்ளிக்கூடமும் கிடங்குமாகவே இருபது வருஷம் போயிற்று. இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். "போயிட்டு வாயேம்ளா, ஒரு வருசம் நான் எறும்போட பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார். எங்கள் தெருவிலிருந்து தோல் ஏற்றுமதி செய்யும் மதார் சாகிப், துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தோல் கொண்டுபோகிற சரக்குக் கப்பலில் பத்துப் பேருக்கு அறை உண்டென்று சொல்லி, ஜூலைக் கப்பலில் எனக்கு ஓர் அறை பேசிவைத்தார். பின்னால் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்து சேர்ந்தன. பாக்கி இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பன் அவர்கள் எனக்கு ஒரு வருஷ லீவு கொடுத்து, மிஸ் ஃப்ளோரா அனுப்பிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மரக்கடை முதலாளி. நல்லவர். ஆனால் முதல் இலையில் உட்கார்ந்தே பழகியவர். ராயபுரத்தில் எந்தக் கல்யாணமானாலும் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் இலையில் உட்கார வைத்த பிறகுதான் மற்றவர்கள் பாயில் கால் வைப்பார்கள். "பொங்கல் கழியட்டும் டீச்சர், போட்டுடலாம்" என்றார். பொங்கல் கழிந்தது. குடியரசு வந்துவிட்டது.

ஜனவரி 26 அன்று நாம் குடியரசாகப் போகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மறுநாள் காலையில் எழுந்தால் என்ன வித்தியாசமாக இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் தெரு ஜனங்களைக் கூட்டி, "நீங்க சரித்திரம் படிச்சவங்க, ஒரு அரைமணி நேரம் சொல்லுங்க" என்று தலைவரே என்னை நிறுத்தினார். நம்முடைய அரசியல் சட்டத்தை நான் அப்போது கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். நம்மைப்போலவே இங்கிலீஷ்காரர்களை அனுப்பிவிட்டுக் குடியரசான அமெரிக்காக்காரர்கள், தங்கள் ஜனாதிபதியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வாரக்கணக்கில் சபையில் வாதாடி, "மேன்மை தங்கிய" என்றும் "சுதந்திரங்களின் காவலர்" என்றும் என்னென்னவோ சொல்லிப் பார்த்து, கடைசியில் வெறும் "மிஸ்டர்" போதும் என்று விட்டதைச் சொன்னேன். முதல் ஜனாதிபதி இடுப்பில் வாளோடு நின்று, வந்தவர்களுக்குக் கை கொடுக்காமல் தலை மட்டும் சாய்த்தார் என்றும், மூன்றாவது ஜனாதிபதியோ தேய்ந்த செருப்போடு வந்து வெளிநாட்டுத் தூதரை வரவேற்றார் என்றும் சொன்னேன். அந்த மூன்றாமவர் வீட்டு விருந்தில் இன்னாருக்கு இன்ன நாற்காலி என்பதே கிடையாது, வந்தவர்கள் வந்தபடி உட்கார வேண்டும், அதில் இங்கிலீஷ் தூதருக்கும் அவர் மனைவிக்கும் நல்ல இடம் கிடைக்காமல், பெரிய அவமானம் என்று தூதர் தம் அரசாங்கத்துக்கு எழுதிவிட்டார் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பிறகு ஓட்டுக்கு வந்தேன். முதலில் நிலபுலன் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு, நாற்பது ஐம்பது வருஷத்தில் நிலமில்லாத வெள்ளைக்காரர்களுக்கும் வந்தது, ஒரு மாகாணத்தில் மட்டும் சொத்துள்ள பெண்கள் முப்பது வருஷம் ஓட்டுப் போட்டார்கள், பிறகு ஆண்கள் கூடி ஒரு சட்டம் போட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து, எனக்கு மீன் கொடுக்கும் பூவம்மா, "கொட்த்துட்டு புடுங்கிகினாங்களா? அப்ப நம்ம ஓட்ட சீக்கிரமா போட்டுடணும் டீச்சரம்மா" என்றாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவர், நான் சொன்னதில் வேறெதுவும் காதில் ஏறாமல் அந்த நாற்காலி விஷயம் மட்டும் ஏறி, சட்டென்று எழுந்து நின்றார். "நாளைக்கு நம்ம கிடங்குல எல்லாருக்கும் சாப்பாடு! மொதப் பந்தி, ரெண்டாம் பந்தி எதுவும் கெடையாது. வந்தவங்க வந்தபடி உக்காரணும். நான் ஒருத்தரையும் கையப் புடிச்சுக் கூப்புட மாட்டேன். கூப்புட்டா அவங்க மொத ஆளு ஆயிருவாங்கல்லா?" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நான் தட்டவில்லை. இவர் ஒரு காரியத்தில் இறங்கினால் எப்படியிருக்கும் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்தவள் நான்.

மறுநாள் விடியற்காலையிலேயே கருப்பட்டி மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கி, கிடங்கைக் கழுவி, பாய் விரித்து அறுபது இலை போட்டாயிற்று. எல்லாச் சாதி மதத்தாரும் கை நனைக்க வேண்டுமென்று முழுச் சைவம். பூவம்மாவுக்கு அதில் மிகுந்த வருத்தம். அரிசி ரேஷனில் இருப்பதால் பாதிச் சோறு, பாதி மரவள்ளிக் கிழங்கு. பாயசம் கருப்பட்டிப் பாயசம், அதற்குக் குறைவில்லை என்றுதான் நினைத்தோம். ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். அறுபது இலையிலும் உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று, ஒருவர்கூட உட்காரவில்லை. இவர் நடுவில் நின்று, ஒருவர் முகத்தையும் தனியாகப் பார்த்துவிடாமல் கூரையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு, "எல்லாரும் உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க" என்கிறார். மதார் சாகிப் பக்கத்திலிருந்தவரிடம் "நீங்க உக்காருங்க மொதல்ல" என்கிறார். அவர், "பெரியவங்க நிக்கச்சொல்லோ நான் எப்டி குந்தறது?" என்கிறார். தலைவர் கிருஷ்ணப்பன் சரிகைத் துண்டோடு வாசற்படியருகே நின்று, வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, பிடிப்பதற்கு வசதியாக வைத்துக்கொண்டிருக்கிறார். பிடிக்க ஆள் இல்லை. அண்ணா, மிஸ் ஃப்ளோராவின் புத்தகத்தில் இது எங்குமே இல்லை. அமெரிக்காவில் வரிசையை எடுத்தபோது, நல்ல இடத்துக்கு எல்லாரும் முண்டியடித்தார்கள். நம் ஊரில் வரிசையை எடுத்தால், முதலில் உட்கார்ந்தவன் என்ற பேர் வரக்கூடாதென்று எல்லாரும் பின்வாங்குகிறார்கள். கூப்பிடாமல் உட்காருகிறவனைச் சோற்றுக்கு அலைந்தவன் என்போம் அல்லவா? எல்லாரையும் கூப்பிட்டால் நம் ஊரில் ஒருவரையும் கூப்பிடவில்லை என்றுதான் அர்த்தம்.

கால்மணி நேரம் போயிற்று. சாம்பாரில் ஆடை படிந்தது. எறும்புகள் மட்டும் வந்தபடி உட்கார்ந்தன. அப்போதுதான் பூவம்மா கூடையோடு உள்ளே வந்தாள். "இன்னா நைனா, அல்லாரும் சாமி ஊர்கோலம் பாக்கற மாரி நின்னுகினுகீறீங்கோ? குடியரசுன்னா நின்னுகினே துண்றதா?" என்று இவரைக் கேட்டுவிட்டு, நேரே போய் முதல் இலையில் சம்மணம் போட்டாள். கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "தோ, நான் குந்திகினேன். அலைஞ்சவ நானே ஆய்ட்டேன். இன்னும் இன்னாத்துக்கு பேஜாரு? வாங்கோ."

அவ்வளவுதான். முதலில் உட்காரும் அவமானம் ஒருத்தி தலையில் இறங்கிவிட்டதால் மற்றவர்களுக்குக் கால் முளைத்தது. இருமி முடிப்பதற்குள் இலையெல்லாம் நிறைந்துவிட்டன. மீன் கூடைக்குப் பக்கத்து இலை ஒன்றுதான் மிச்சம். தலைவர் இன்னும் கையை நீட்டியபடி வாசலில் நின்றார். இவரோ சத்தியத்தை மீறக்கூடாதென்று மறுபடி கூரையைப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்க" என்றார். மிச்சமிருந்த எல்லாரும் தலைவர் ஒருவர்தான். வந்து உட்கார்ந்தார். மீன் கூடையில் படாமல் துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். முகம் மட்டும் சிவந்திருந்தது. அதோடாவது போயிற்றா? பரிமாறுவதிலும் பட்சபாதம் கூடாதென்று இவர் முன்னேற்பாடாக, சோறு இந்தக் கோடியிலிருந்து, குழம்பு அந்தக் கோடியிலிருந்து என்று மாற்றி மாற்றிப் பரிமாறச் சொல்லியிருந்தார். பாயசம் அந்தக் கோடியிலிருந்து வந்தது. கருப்பட்டிப் பாயசம் குடித்தறியாத மெட்ராஸ்காரர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டார்கள். வாளி இந்தக் கோடிக்கு வந்தபோது அதில் கரண்டி மட்டும் இருந்தது. பூவம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பி, மிகவும் அன்போடு, "நம்ம ரெண்டு பேருக்கும் இல்ல மொதலாளி" என்றாள்.

தலைவர் எழுந்தார். "நல்லது" என்று ஒரு சொல் சொன்னார். கையைக் கழுவாமல் போனார். அந்த இங்கிலீஷ் தூதர் விருந்து முடிந்து வண்டியேறும்போது எப்படி முகத்தை வைத்திருந்திருப்பார் என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இன்னொன்று நடந்தது. அது பெரிய விஷயமில்லை, ஆனால் எழுதாமலிருக்க முடியவில்லை. அவரவர் இலையை அவரவர் எடுக்க வேண்டுமென்று இவர் சொல்லியிருந்ததால் எல்லாரும் எடுத்துப் போட்டார்கள். தலைவருடைய இலை மட்டும் கிடந்தது. பூவம்மா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "டீச்சரம்மா, அந்த அமெரிக்கா மவராசன் வூட்ல அல்லாரும் வந்தபடி குந்தி துன்னாங்கன்னு சொன்னியே, அங்க எலை எட்த்தது யாரு?" என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த விருந்தைப் பற்றி யோசித்தவள் நான். இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. "அந்தக் காலத்தில் அங்கே அடிமைகள் இருந்தார்கள், பூவம்மா. எல்லாரும் சமம் என்று எழுதினவர்கள் வீட்டிலும் இருந்தார்கள்" என்றேன்.

"அவங்க பேரு இன்னா?"

"புத்தகத்தில் இல்லை."

"இன்னா புக்கு அது? துன்னவன் பேரு கீது, எட்த்தவன் பேரு இல்லியா?" பூவம்மா தன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீதான் அங்க போறியே. கேட்டுகினு வா." தலைவர் இலையை நான் எடுத்தேன்.

அதன் பிறகு நடந்தது தாங்கள் ஊகிக்கக்கூடியதுதான். என் லீவு விண்ணப்பத்தோடு போனேன். தலைவர் முகமலர்ச்சியோடு வரவேற்றார். "குடியரசுல முன்னுரிமை கெடையாதே டீச்சர்? எல்லாம் வந்தபடிதானே? உங்க விண்ணப்பத்துக்கு முன்னால பதினாறு இருக்கு" என்றார். இருந்தன. பியூனுக்குக் குடை, தையல் டீச்சர் பிரசவ லீவு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, பள்ளிக்கூடத்துக்குள் வந்து அட்லஸைத் தின்னும் ஆட்டின் மேல் நடவடிக்கை என்று பதினாறு. கமிட்டி மாதம் ஒருமுறை கூடும். ஒரு கூட்டத்துக்கு இரண்டு விண்ணப்பம். ஆட்டுக்கே மூன்று கூட்டம் ஆயிற்று, அது கமிட்டி உறுப்பினர் ஒருவருடைய ஆடு. என் முறை வருவது அக்டோபரிலோ நவம்பரிலோ. கப்பல் ஜூலையில். நான் வாதாடவில்லை, அண்ணா. வாதாடுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

சித்திரையில் இவர் பரிகாரம் செய்யப் புறப்பட்டார். தலைவர் ஒருவருக்கே விருந்து. வாசலிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்து, அதே கிடங்கில் தலைவாழை இலை ஒன்றே ஒன்று போட்டு உட்கார வைத்து, ஒரு வாளி நிறையப் பாயசத்தை இலைக்கு எதிரேயே கொண்டுவந்து வைத்தார். தலைவர் இலையைப் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். நீளமாகக் காலியான கிடங்கு. "மத்தவங்க?" என்றார். "ஒங்களுக்கு மட்டுந்தான். மொத எலை" என்றார் இவர் பெருமையோடு. "ரெண்டாவது எலை இல்லாம இது எப்படிய்யா மொத எலை ஆவும்? தனியா உக்காந்து சாப்பிட நான் என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கேன்?" என்று எழுந்துபோனார். மறு கூட்டத்தில் விண்ணப்பங்கள் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. அந்த வாளிப் பாயசத்தை நானும் இவரும் இரண்டு நாள் குடித்தோம்.

ஆக, இப்படித்தான் நின்றது. மிஸ் ஃப்ளோராவுக்கு வரவில்லையென்று எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து மாடி ஜன்னலில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்களின் புகைபோக்கிகள் தெரியும். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு கொஞ்ச நேரம் நிற்பேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு இருந்தது ஆசை. கப்பல், பனி, பெரிய நூலகம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லியிருப்பேன். இப்போது இருப்பதற்கு என்ன பேர் என்று தெரியவில்லை. பந்தியிலிருந்து பாதியில் எழுப்பிவிட்டால் பசி போனபிறகும் கை காய்ந்துகொண்டு ஒட்டும் பாருங்கள், அதுபோல ஒன்று. அதுவும் போய்விடும். தாங்கள் எழுதியதுதான் சரி. இந்த வயதில் எதற்கு?

மதினிக்கு என் அன்பைச் சொல்லவும். முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் நல்லது. இந்த வருஷமாவது கிறிஸ்துமஸுக்கு யாவரும் வந்திருந்து எங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று வழக்கம்போல் கேட்டுக்கொள்கிறேன். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

தங்கள் சொற்படி நடக்கும் தங்கை,
தங்கபுஷ்பம்.

பின்குறிப்பு, 13-7-1950, வியாழக்கிழமை: அண்ணா, மேலே எழுதியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சத்தியம். ஆகவே ஒன்றையும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெளியே வந்தேன். வாசலில் பூவம்மா கூடையை இறக்கினாள். "கொயும்புக்கா? அண்ணனுக்கா? இன்னா எய்திகீற?" என்றாள். நான் போகவில்லையென்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். கையில் எடுத்த மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டாள்.

"அப்ப நான் கேட்டது?"

"என்ன கேட்டாய்?"

"எலை எட்த்தவங்க பேரு! டீச்சரம்மா கப்பலு ஏறிப் போயி கேட்டுகினு வரும்னு குப்பத்துல அல்லாருகிட்டயும் சொல்லிகீறேன். இப்ப இன்னா சொல்றது? பாயசம் பத்தல, அதனால பேரு வரலன்னா?"

கடிதத்தோடு உள்ளே திரும்பி வந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பீரோவிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்து, சரக்கு ரசீது பார்ப்பதுபோல் விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் படித்தார். "ஏளா, 'வேலையில் இருந்தால்' தலைவர் கையெழுத்து வேணும்னுல்லா போட்டிருக்கு. வேலையில இல்லேன்னா?" என்றார். ஆறு மாதமாக அந்த ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பி.ஏ. நான்தான்.

செவ்வாய்க்கிழமை ராஜினாமாவை எழுதிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். இதற்கும் வரிசை உண்டா என்று கேட்டேன். அவர் படித்தார். வெகுநேரம் படித்தார், மூன்றே வரிதான். "நான் குடுக்கக் கூடாதுன்னு இல்ல டீச்சர். ஒரு தரம் நேரா வந்து, 'எனக்கு இது வேணும்'னு கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க விண்ணப்பத்த வெச்சிட்டுப் போயிட்டீங்க" என்றார். அப்போதும் அவர் வலது கை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. ஆறு மாதமாக அவர் தம் வாசலிலும் நான் என் வாசலிலும், யாராவது வந்து கையைப் பிடிக்கட்டும் என்று நின்றிருக்கிறோம். "எனக்கு இது வேண்டும், ஐயா" என்றேன். அண்ணா, என் வாயிலிருந்து அந்தச் சொல் இதற்கு முன் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ராஜினாமாவை மேசை இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். "இது வரிசையில வரட்டும். நீங்க திரும்பி வர்றதுக்கும் இது மேல வர்றதுக்கும் சரியா இருக்கும்" என்றவர், நான் படியிறங்கும்போது, "அங்க பாயசம் எந்தக் கோடியிலேர்ந்து பரிமாறுறாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

கப்பல் நாளை மறுநாள், சனிக்கிழமை. மதார் சாகிப் என் அறையை இன்னும் ரத்து செய்யாமல் வைத்திருந்தார். அடியில் அவருடைய ஆட்டுத்தோல், மேலே நான். வாசனையைப் பற்றி அவர் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை கொழும்பு. அங்கே இரண்டு நாள் நின்று, பாஸ்டனுக்குத் தேயிலை ஏற்றுமாம். அந்த ஊர்க்காரர்கள் ஒருகாலத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள். இந்த முறை இறக்கிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் இப்போது எனக்குப் புரிகிறது. இருபத்திரண்டு கிறிஸ்துமஸுக்கும் "யாவரும் வாருங்கள்" என்றே தங்களுக்கு எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மேலே பாருங்கள். எல்லாரையும் கூப்பிட்டால் ஒருவரையும் கூப்பிடவில்லை என்றுதானே நம் ஊரில் அர்த்தம்? தாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். நானும் இத்தனை வருஷம் கூரையைப் பார்த்துத்தான் கைகூப்பியிருக்கிறேன்.

கப்பல் கொழும்புக்கு வந்ததும் துறைமுகத்திலிருந்து தங்கள் கடைக்கு ஒரு தந்தி வரும். இரண்டே சொல் இருக்கும். 1928இல் தாங்கள் எனக்கு அடித்தது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதப்போகிறேன்.